டபுள் கட்டிய ஞாயிற்றுக்கிழமைகள்

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், பம்பு அறைக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவே, மெயின்டனன்ஸ் ஆட்களுக்கென்று ஓர் அறை இருக்கிறது. ஜன்னல் கிடையாது. ஒரு மேஜை, கால் ஆடும் நாலு நாற்காலிகள், சாவிக்கொத்துகள் மாட்டிய பலகை, எந்நேரமும் லேசான டீசல் வாசனை. லிஃப்ட் மெக்கானிக் டபுள் தன் பாதி ஆயுளை இந்த அறையில்தான் கழித்திருக்கிறார். அதில் கணிசமான பகுதி, இதே மேஜையில் பாய்லர்காரர், ஏசி மெக்கானிக், ஜெனரேட்டர் ஆபரேட்டர் ஆகிய மூவரோடு மல்லுக்கட்டியதில் போயிற்று.

டபுள் என்பது அவருடைய பெயரில்லை. எதிலும் பந்தயம்போல ஒன்றுக்கு இரண்டாகக் கட்டிவிடுகிற வழக்கத்தைப் பார்த்து பாய்லர்காரர் வைத்த பட்டம். நாளடைவில் நர்ஸுகளும் வாட்ச்மேனும்கூட அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கோபம் வந்ததுபோல் காட்டிக்கொண்டாரே தவிர, உள்ளுக்குள் அவருக்குப் பெருமைதான்.

கல்யாணப் பேச்சின்போதே இந்தக் குணம் வெளியே வந்துவிட்டது. பெண்ணின் அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: மகளை நல்லபடியாக வைத்துக்கொள்வாரா? சரி என்று சொல்லிவிட்டு வாயை மூடியிருக்கலாம். பெண்ணை மட்டுமல்ல, உங்கள் பையனுக்கும் ஒரு வேலை வாங்கித் தருகிறேன் என்றார். யாரும் கேட்கவில்லை. பையன் அப்போது பள்ளிக்கூடமே முடிக்கவில்லை. மாமனார் அதுவரை இருந்த தயக்கத்தையெல்லாம் மூட்டைகட்டி வைத்துவிட்டு அங்கேயே சம்மதித்தார். பெரிதாகக் கட்டினால் எதிராளி பணிந்துவிடுவான் என்கிற நம்பிக்கை அன்றைக்குத்தான் டபுளின் மனதில் வேர்விட்டது. அந்தப் பையன் இப்போது ஜெனரேட்டர் ஆபரேட்டராக அதே அறையில், அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவருடைய உயிரை வாங்குகிறான்.

மகள் விஷயத்திலும் இதே கதைதான். அவள் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பியபோது, ஏர்போர்ட்டுக்கு வருவீர்களா என்று மட்டும்தான் கேட்டாள். ஏர்போர்ட் என்ன பெரிய ஏர்போர்ட், ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு உன்கூடவே இருக்கிறேன் என்று அளந்துவிட்டார். அந்த வாரம் பார்த்து இரண்டு லிஃப்டுகளுக்கு இரும்புக் கயிறு மாற்றுகிற வேலை வந்து விழுந்தது. லீவும் இல்லை, ஏர்போர்ட்டும் இல்லை. அவள் விமானம் ஏறுகிற நேரத்தில் இவர் மொட்டைமாடி மெஷின் ரூமில் கிரீஸ் கையோடு போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். பரவாயில்லப்பா, என்றாள். அப்புறம் இரண்டு வருஷமாக அவள் ஊருக்கு வரவில்லை. போனில் பேசினால் அம்மாவிடம் அரை மணி, இவரிடம் சாப்பிட்டாயா தூங்கினாயா என்று நாலு வார்த்தை. அது அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

இனி அந்தச் சீட்டாட்டம். மாதத்தில் ஒரு ஞாயிறு ஆஸ்பத்திரியில் ஷட்டவுன். மெயின் கரண்டை நிறுத்திவிட்டு, கட்டடம் முழுவதையும் ஜெனரேட்டரில் ஓட்டிப் பார்ப்பார்கள். வெளியிலிருந்து கம்பெனி ஆட்கள் வருவார்கள். அவர்களோடு காலையிலிருந்து சாயங்காலம் வரை மாடிமாடியாக ஓட நால்வரில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். யார் என்பதை உங்களுக்குள் பேசி முடிவுபண்ணிக்கொள்ளுங்கள் என்று இன்ஜினியர் கையைக் கழுவிவிட்டார். இந்த நால்வரும் பேசி முடிவெடுத்த லட்சணத்தைப் பார்த்தவர்களுக்கு, ஏன் அது சீட்டுக்கட்டில் போய் முடிந்தது என்பது புரியும். மாதத் தொடக்கத்தில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆட்டம். காசு கிடையாது. ஸ்டோரில் கழித்துப்போட்ட வாஷர்கள்தான் கட்டுவதற்கு. ஏசி மெக்கானிக்கின் போனில் அலாரம் அடிக்கும்போது யாரிடம் வாஷர் குறைவாக இருக்கிறதோ, அவருக்கு ஷட்டவுன்.

இதற்கு இரண்டு விதிகள். ஆடுவதற்கு முன்னால் யாரும் காரணம் சொல்லி அனுதாபம் தேடக்கூடாது. ஆடிய பிறகு யாரும் டூட்டியை மாற்றிக்கொள்ளக்கூடாது. இரண்டையும் போட்டவர் டபுள்தான். பாய்லர்காரரின் மாமியார் ஒரே வருஷத்தில் நாலு முறை சாகக் கிடந்து நாலு முறையும் பிழைத்துக்கொண்டதில் கடுப்பாகிப் போட்ட விதிகள். மாமியார் அதற்கப்புறம் நோய்நொடி இல்லாமல் இருக்கிறார்.

ஆட்டம் ஹோல்டெம். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று. ஏழில் சிறந்த ஐந்து உங்கள் கை. ஒவ்வொரு கட்டத்திலும் கட்டலாம்; மற்றவர்கள் அதே அளவு போட்டுப் 'பார்க்கலாம்', இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்து விலகலாம். லிமிட் கிடையாது, கையில் இருக்கிற அத்தனையையும் ஒரே தள்ளாகத் தள்ளலாம். மெஷின் ரூமில் சும்மா காத்துக்கிடக்கும் நேரங்களில் டபுள் போனில் பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டங்களைப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தார். அவருக்குப் பிடித்துப்போனது ஓவர்பெட், அதாவது நடுவில் குவிந்திருப்பதைவிட அதிகமாகக் கட்டுவது. கண்ணை மூடிக்கொண்டு கட்டுவதில்லை, அவருடைய கணக்கு இது: நீ இதுவரை ஆடிய விதத்திலேயே உன் கை நடுத்தரம் என்று காட்டிக்கொடுத்துவிட்டாய். நடுவில் இப்போது விழுந்த சீட்டு எனக்குப் பொருந்தியிருக்கலாம், உனக்குப் பொருந்தியிருக்காது. அந்த நேரம் பார்த்து நான் இரண்டு பங்கு தள்ளுகிறேன். என்னிடம் உச்சக் கை இருக்கும், இல்லையென்றால் ஒன்றுமே இருக்காது. எது என்று தெரியாமல் நீ தவிக்க வேண்டும். நல்ல கை வந்தால் மட்டும் தள்ளினால் சாயம் வெளுத்துவிடும் என்பதால், அவ்வப்போது வெறுங்கையோடும் தள்ள வேண்டும். அழகான கணக்குதான். அதில் ஒரே ஓர் ஓட்டை: எதிரே உட்கார்ந்திருப்பவனுக்குத் தவிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

மைத்துனனுக்குத் தெரியாது. ஒன்று தள்ளினாலும் பார்ப்பான், ஐம்பது தள்ளினாலும் பார்ப்பான். எதற்குடா பார்த்தாய் என்றால், "சும்மாதான் மாமா, என்ன வச்சிருக்கீங்கன்னு பாக்கலாம்னு" என்பான். இதே பதிலை வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு டபுளுக்குக் காது புளித்துவிட்டது. சீட்டைக் கவிழ்ப்பதும் ஆட்டம்தான், பெரிதாக வந்தால் பயப்படப் பழகு, மரியாதைக்காவது ஒரு தடவை பயந்து தொலை என்று தொண்டைத் தண்ணீர் வற்றப் பாடம் எடுத்தார். அவன் தலையைத் தலையை ஆட்டுவான். அடுத்த கையிலேயே மூன்று ஜோடியை, அதாவது இரண்டே இரண்டு மூன்றாம் நம்பர் சீட்டை, வைத்துக்கொண்டு பார்ப்பான். வேடிக்கை என்னவென்றால், டபுளின் வெறுங்கைகள் பெரும்பாலும் அந்த மூன்று ஜோடியிடம்தான் தோற்றன. பெரிய ஆட்டக்காரர்களை வீழ்த்துகிற வித்தை இவனிடம் வந்து மண்ணைக் கவ்வியது. கோளாறு வித்தையில் இல்லை, ஆள் மாறி உட்கார்ந்திருக்கிறது என்று யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால், டபுள் அவரிடமும் சண்டைக்குப் போயிருப்பார்.

அந்த மாதம்தான் மகள் வருவதாகச் செய்தி வந்தது. கம்பெனி அவளை வேறெங்கோ அனுப்புகிறது. வழியில் ஒரு பகல் மட்டும் இங்கே. காலையில் வந்து சாயங்காலம் கிளம்பிவிடுவாள். தேதியைப் பார்த்தால் ஷட்டவுன் ஞாயிறு.

மனைவிக்கு இது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. அவர்கள் மூன்று பேரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்றாள். ஆட்டத்துக்கு முன்னால் காரணம் சொல்லக்கூடாது என்று டபுள் விளக்கினார். யார் அப்படிச் சொன்னது என்று கேட்டாள். நான்தான், என்றார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒரு வார்த்தை கேட்டா வாயிலிருந்து முத்தா உதிர்ந்திடும்?"

முத்து உதிராது. ஆனால் டபுள் ஆயுளில் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. அவர் கட்டுவார், மற்றவர்கள் பணிய வேண்டும். இந்த ஒரு மாதம் கடைசியாக வராமல் இருந்தால் போதும், நாலு பேரில் மூன்றாவதாக வந்தால்கூடப் போதும், அதற்குப் போய் எதற்குக் கெஞ்சுவது என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். முதலாவதாகவே வந்துவிடுவேன் பார் என்று வாசலில் நின்று டபுளாக்கவும் தவறவில்லை.

ஆட்டத்தன்று அவர் நன்றாகத்தான் ஆரம்பித்தார். பாய்லர்காரரிடமிருந்து கொஞ்சம், ஏசி மெக்கானிக்கிடமிருந்து கொஞ்சம் என்று வாஷர்கள் சேர்ந்தன. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பாதி ஆட்டத்தில், நடுவில் ஏஸும் ராணியும் ஜாக்கியும் வரிசையாக விழுந்தபோது கை அரித்தது. அவரிடம் ஆறும் ஏழும், குப்பை. ஆனால் ஆரம்பத்திலிருந்தே கட்டிவந்தவர் அவர்தான். அந்தப் பெரிய சீட்டுகள் அவருக்குத்தான் பொருந்தியிருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். மைத்துனன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான். பார்த்தாலே தெரிந்தது, சின்ன ஜோடி. புத்தகத்தில் படம் போட்டுக் காட்டுகிற மாதிரியான சந்தர்ப்பம். டபுள் நடுவில் கிடந்ததைப்போல் இரண்டு பங்கை எடுத்து, அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே தள்ளினார்.

மைத்துனன் பார்த்தான். அவனிடம் நாலு ஜோடி.

"ஏண்டா, நடுவுல ஏஸ் கிடக்கு, ராணி கிடக்கு, ஜாக்கி கிடக்கு. நாலு ஜோடிய வச்சுக்கிட்டு எந்த தைரியத்துலடா பாத்த?"

"சும்மாதான் மாமா."

பாய்லர்காரர் சிரிப்பை அடக்க டீ டம்ளரை வாயில் வைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் மைத்துனனின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, ஜெனரேட்டர் அறைப் பக்கமாகப் போய்ப் பேசினான். யாரோ டீசல் லாரிக்காரனாக இருக்கும் என்று டபுள் நினைத்தார். அவருடைய கவனமெல்லாம் எதிரே பாதியாகிப்போன வாஷர் குவியலின் மேல் இருந்தது. முதல் இடம் போயிற்று, இரண்டாவதும் போயிற்று. இப்போது அவர்தான் கடைசி.

ஆத்திரம் அடங்கியபோது மூளை கொஞ்சம் வேலை செய்தது. இத்தனை வருஷமாக அவர் செய்துவந்த முட்டாள்தனம் முதல்முறையாக அவருக்கே உறைத்தது. கவிழ்க்கவே தெரியாதவனை எதற்கு மிரட்ட வேண்டும்? இவனிடம் வெறுங்கையோடு தள்ளவே கூடாது. சத்தம் போடாமல் காத்திருந்து, அசைக்க முடியாத கை வருகிற நேரம் பார்த்து எல்லாவற்றையும் தள்ள வேண்டும். எவ்வளவு பெரிதாகத் தள்ளினாலும் பார்க்கத்தான் போகிறான். அவனுடைய அந்தச் சனியன் பிடித்த ஆர்வமே போதும், ஞாயிற்றுக்கிழமையைக் கையில் கொண்டுவந்து கொடுத்துவிடும். இப்படி எண்ணியபோது மைத்துனன் மேல் பிரியமே வந்துவிட்டது.

அலாரம் அடிக்கப் போகிறது, இதுதான் கடைசிக் கை என்று ஏசி மெக்கானிக் சொல்லிவிட்டுச் சீட்டைப் போட்டார். டபுளுக்கு வந்தது ஒன்பது ஜோடி. நடுவில் கிளாவர் ஒன்பது, கிளாவர் நாலு, டைமன் ராஜா. மூன்று ஒன்பதாகிவிட்டது. அவர் முகத்தை அழுகிற மாதிரி வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். மைத்துனன் ஒரு வாஷரை வைத்தான். மற்ற இருவரும் கவிழ்த்தார்கள். டபுள் வேண்டாவெறுப்பாகப் போடுவதுபோல் தானும் ஒன்றை வைத்தார். அடுத்தது கிளாவர் இரண்டு. மைத்துனனின் காது சிவந்தது. நல்ல கை வந்தால் அவன் காது காட்டிக்கொடுத்துவிடும். கிளாவர் ஐந்தும் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். மறுபடி ஒரே ஒரு வாஷர். கடைசிச் சீட்டு ஆர்ட்டின் ராஜா. டபுளிடம் இப்போது மூன்று ஒன்பது, இரண்டு ராஜா, முழு வீடு. ஐந்து கிளாவரைத் தின்று ஏப்பம் விடுகிற கை.

அவர் தன்னிடமிருந்த அத்தனை வாஷர்களையும் இரண்டு கையாலும் தள்ளினார். நடுவில் கிடந்ததைப்போல் மூன்று பங்கு. அவன் பார்த்துவிட்டால் ஏசி மெக்கானிக்கைத் தாண்டிவிடலாம். மூன்றாவது இடம். மகள் வருகிற பகல் முழுக்க வீட்டில்.

மைத்துனன் தன் சீட்டைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். மறுபடி சீட்டைப் பார்த்தான். இதற்குமுன் அவன் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதே கிடையாது. பிறகு இரண்டு சீட்டையும் மெதுவாகக் கவிழ்த்து நடுவில் தள்ளினான். முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்கதான் மாமா. எடுத்துக்கங்க."

அலாரம் அடித்தது. டபுள் கையை நீட்டி அவன் கவிழ்த்த சீட்டுகளைத் திருப்பினார். கிளாவர் ஏஸ், கிளாவர் பத்து. வாழ்நாளெல்லாம் மூன்று ஜோடிக்கும் நாலு ஜோடிக்கும் மல்லுக்கு நின்றவன், ஏஸோடு ஐந்து கிளாவரைக் கவிழ்த்திருக்கிறான். பாய்லர்காரர் எல்லோருடைய குவியலையும் ஒரு நோட்டம் விட்டார். நடுவில் கிடந்த அற்ப வாஷர்கள் வந்து சேர்ந்தும் டபுள்தான் கடைசி. அதைச் சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை, மோவாயால் காட்டினார்.

டபுள் வெடித்தார். மாமனாரிலிருந்து ஆரம்பித்து, வேலை வாங்கிக் கொடுத்த நாள், சொல்லிக்கொடுத்த பாடம் என்று எல்லாம் வந்தது. பார்க்கக் கூடாத இடத்திலெல்லாம் பார்த்தாயே, பார்க்க வேண்டிய ஒரே இடத்தில் உனக்கு என்னடா வந்தது, இன்றைக்குத்தானா பயம் வர வேண்டும் என்று மேஜையைத் தட்டினார். வாஷர்கள் தரையில் உருண்டன.

மைத்துனன் பயந்துபோய்விடவில்லை. குழம்பிப்போயிருந்தான். "பயமெல்லாம் இல்ல மாமா. அக்கா இப்பதான் போன் பண்ணுச்சு. பாப்பா வருதாம்ல. நான் பாத்து ஜெயிச்சிட்டேன்னா நீங்க மொத்தமா காலியாயிடுவீங்களே. அதான் விட்டேன்."

அவ்வளவு நேரமும் டபுளுக்கு இருந்த கோபத்தில் அடுத்த வார்த்தை தயாராகத்தான் இருந்தது. அதை விழுங்கிக்கொண்டார். தன் பிள்ளைபோல் தூக்கி வளர்த்த அக்கா மகளுக்காக அவன் ஏஸைக் கவிழ்த்திருக்கிறான். அதைத் திட்டவும் முடியவில்லை, மெச்சவும் முடியவில்லை. எல்லார் மேலும் எரிச்சல் வந்தது: போன் பண்ணிய மனைவி மேல், பாசம் காட்டிய மைத்துனன் மேல், கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மற்ற இருவர் மேல், விதியைப் போட்ட தன் மேல். மற்ற மூவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விதியாவது மண்ணாவது, கேட்டுவிட வேண்டிய நேரம் அதுதான். ஒரு வார்த்தை போதும். டபுள் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்த ஒரு ஞாயிறு மட்டும் யாராவது பாத்துக்குங்க. இந்த வருஷம் மிச்சம் இருக்கிற ஷட்டவுன் பூரா நான் பாக்கறேன்."

கேட்பது என்றால் என்னவென்று தெரியாத மனிதர், கடைசியில் அதையும் கட்டித்தான் கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கு வருஷத்தின் மிச்ச ஷட்டவுன் ஞாயிறுகள் அத்தனையும்.

"பாத்தாச்சு," என்றார் பாய்லர்காரர், வாக்கியம் முடிவதற்குள். "நான் வர்றேன் அன்னைக்கு."

ஏசி மெக்கானிக்குக்கு டீ புரையேறிவிட்டது. குனிந்து வாஷர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த பாய்லர்காரர் நிமிர்ந்து, தான் சும்மாவே வந்திருப்பேன் என்பதையும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். வருகிறாயா என்று கேட்டிருந்தால் போதுமாம். "ஆனா நீயா கட்டினப்புறம் நான் எதுக்கு விடணும்?" என்று கேட்டார். மேஜையில் இருந்தவர்களில் கணக்குத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று டபுளுக்குப் பட்டது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் இதைச் சொன்னார். அவள் பேசியதை இங்கே எழுத வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் வந்தாள். இரண்டு விமானம் மாறி, கண்ணெல்லாம் உள்ளே போய், பையைக் கூடத்தில் போட்டுவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ஷட்டவுன் இல்லையாப்பா என்று அவரைப் பார்த்து ஆச்சரியமாகக் கேட்டாள். இல்லை என்றார். உண்மையிலேயே வீட்டில்தான் இருப்பீர்களா என்றாள். இருப்பேன் என்றார். வேறு எதையும் சேர்த்துச் சொல்லாமல் நாக்கைக் கடித்துக்கொண்டார். குளித்துச் சாப்பிட்டதும், ஐந்து நிமிஷம் படுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் பழைய அறைக்குப் போனாள். அடித்துப்போட்டதுபோல் தூங்கிவிட்டாள்.

டபுள் ஒரு நாற்காலியை இழுத்து அந்த அறை வாசலில் போட்டு உட்கார்ந்தார். நடுவில் பாய்லர்காரர் போன் செய்தார். இரண்டாவது லிஃப்ட் மாடிக்கு நடுவே நின்றுவிட்டதாம். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, எந்தப் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்று கிசுகிசுப்பாகவே திட்டித்தீர்த்தார். மாடிவீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். மேலே போய் அவர்களையும் ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தார். சமையலறையில் பாத்திரம் விழுந்தபோது அவர் முறைத்த முறையில் மனைவி கையெடுத்துக் கும்பிட்டுக் காட்டினாள். மத்தியானம் போயிற்று. ஜன்னல் வெயில் கட்டிலைத் தாண்டிச் சுவருக்கு ஏறியது. மகள் புரண்டு படுத்தாள், எழுந்திருக்கவில்லை.

கிளம்புகிற நேரம் நெருங்கியபோது மனைவி பொறுக்கமாட்டாமல் பக்கத்தில் வந்து நின்றாள். "ஒரு வருஷத்து ஞாயித்துக்கிழமைய தூக்கிக் குடுத்துட்டு வந்து, தூங்கறவள பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்களே. எழுப்பட்டுமா?"

"மெதுவா பேசு," என்றார் டபுள், கண்ணை எடுக்காமல். "இன்னும் அரை மணி நேரம் இருக்கு."